தாவித்துக்கும் நீனோவுக்கும் கல்யாணம் முடிப்பது குறித்து

கீழப்பழுவூர்,
ஞாயிற்றுக்கிழமை

மருமகள் மேகலாவுக்கு மாமா பிச்சைமுத்து ஆசியோடு எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். என் நலம் இனி உன் பதிலைப் பொறுத்தது. நீயும் கோகுலகிருஷ்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ மொழிபெயர்த்த ஜார்ஜியா நாட்டு நாவலை, அச்சுக்குப் போகுமுன் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். அந்தத் தகுதி எனக்கு உண்டா என்பது சந்தேகம். இருந்தாலும், சிமெண்ட் ஆலை ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டியே ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கதையில் வரும் நான்கு தலைமுறைக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் வம்சப் படம் போட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். நான் செய்த பிசகு, வாய்விட்டுப் படித்தது. பக்கத்தில் உன் அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தன் அண்ணன் மகளுக்கென்று அவள் நினைத்திருந்த நம் கோகுலகிருஷ்ணன் உன்னை மணந்த நாளிலிருந்து உன்னோடு போனில்கூடப் பேசாதவள்; உன் எழுத்தையா கேட்கப் போகிறாள் என்று இருந்துவிட்டேன். நாலாம் அத்தியாயத்தில் அவள் கண்ணில் நீர். வெங்காயமா, நாவலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் அவளே, "ஏங்க, அந்தாளு மவன வெளியில தள்ளி கதவ சாத்துனானே, அப்புறம் என்னாச்சு?" என்றாள்.

வம்சப் படத்தைக் காட்டினேன். தாவித் விரும்புகிற நீனோ, லூக்காவின் மகள். லூக்கா, தாவித்தின் தாய்மாமன். அந்த ஊரில் சொந்தத்தில் கட்டக்கூடாதாம், அதனால்தான் அப்பன் தடுக்கிறான் என்று விளக்கினேன்.

"தாய்மாமன் மவளாங்க? மொறப்பொண்ணாச்சே. அதைக் கட்டாம வேற யார கட்டுவான்? சொந்தத்துல பொண்ணு இருக்கறப்ப வெளியிலேருந்து எவளையோ…" என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இதை நீ உன்மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

"மொதல்ல அதுங்களுக்கு பரிசம் போடச் சொல்லுங்க, அப்புறமா படிக்கலாம்" என்று தாள்கட்டை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டாள். நான் தயங்கினேன். "எழுதுனது நம்மூட்டு மருமவதான? சொன்னா கேக்கமாட்டாளா?" என்றாள். நம் வீட்டு மருமகள் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்பது இதுவே முதல் தடவை. அதனால்தான், முறையல்ல என்று தெரிந்தும் கேட்கிறேன்: மொழிபெயர்ப்பைச் சற்றே தளர்த்தி அவர்களுக்குக் கல்யாணத்தை முடித்துவிட முடியுமா? மூல ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு வசதி.

இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று, வேளாவேளைக்குச் சாப்பிட்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். டின்னிலிருந்து தாள்களை ரகசியமாக எடுத்துப் பார்த்ததில், லூக்கா ஒருவரல்ல, இருவர். தாய்மாமன் லூக்கா ஒருவர்; நீனோவின் அப்பா லூக்கா வேறொருவர், அவர் தாவித்தின் சித்தப்பா. சீட்டை மாற்றி ஒட்டியது நான்தான். அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். "அடப்பாவி, தங்கச்சிங்க அது" என்று முறத்தோடு எழுந்துவிட்டாள். அடுத்த அத்தியாயத்தில் அந்த இரண்டும் ஓடிப்போய்க் கல்யாணமும் செய்துகொண்டுவிட்டன என்பதை அதற்குமேல் எப்படி மறைப்பது? அதையும் சொல்லிவிட்டேன். ஆகையால் மேலே கேட்டதைத் தள்ளிவிட்டு, அவர்களை எப்படியாவது பிரித்துவை. இல்லை, அதையும் விட்டுவிடு. "உங்களுக்குப் பேசத் தெரியாது, நானே அவகிட்ட பேசிக்கறேன்" என்று உன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறாள்; வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் கூப்பிடுவாளாம். போனை வைத்துவிடாதே, அம்மா. திட்டெல்லாம் தாவித்துக்குத்தான்.