ஃபுல் மார்க் வாங்கி ஃபெயிலான கதை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயால் கெட்டதோடு நிற்காமல் காலாலும் கெட்டவள். அதுவும் நல்ல கால் இல்லை. இரண்டு வயதில் போலியோ வந்து சூம்பிப்போன இடது கால். முழங்காலுக்கு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் ஒவ்வொரு எட்டும் வைப்பேன்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு பேசாமல் ஓரிடத்தில் இருக்கலாம். எனக்கு இருப்புக் கொள்ளாது. தாராவியில் எங்கள் சந்தில் குழாயடிச் சண்டை என்றால் முதல் ஆளாக நிற்பேன். (யாருக்கும் யாருக்கும் சண்டை என்று பிறகுதான் விசாரிப்பேன்.) "இவளுக்கு ரெண்டு காலும் நல்லா இருந்திருந்தா பம்பாய் தாங்காது" என்று சந்தில் ஒரு பேச்சே உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் அம்மா. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி இசக்கி, எவன் கேட்டாலும் முடியாதுன்னு மட்டும் சொல்லிராத. சொன்னியோ, மூலையில ஒக்கார வச்சிருவானுவ."

நான் சொல்லவே இல்லை. எதைக் கேட்டாலும் முடியும், முடியும் என்றே சொல்லி வளர்ந்தேன். இந்தக் கதை நடந்தபோது எனக்கு வயது இருபத்தேழு. புத்தி அதில் பாதி இருந்தால் அதிகம்.

அந்த வருஷம் டிவியைத் திறந்தால் ஒரே விவாதம். ஊனமுற்றோர் சலுகையைப் போலி ஆட்கள் தின்கிறார்கள், எல்லோரையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஏற்கெனவே நொந்தவர்களை இன்னும் நோகடிக்காதே என்று இன்னொரு கூட்டம். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பொங்கல் விழாவுக்கு மாட்டுங்காவில் ஒரு ஹால் பிடித்து, பட்டிமன்றம் என்று அறிவித்துவிட்டார்கள். தலைப்பு, 'மறுபரிசோதனை: அவசியமா? அநியாயமா?'

நியாயமாக நான் 'அநியாயம்' கட்சியில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்சிக்குத் தலைவர் கணேசன் அண்ணாச்சி. மளிகைக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனுஷர். அவர் வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான் வரும்: 'பாவம்.' எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும். அதனால் 'அவசியம்' கட்சிக்குப் போனேன்.

அண்ணாச்சி முதலில் பேசினார். "அன்பான பெரியோர்களே, ஊருக்குள்ள எங்கயும் போவாண்டாம். இந்தா மேடையிலயே இருக்கா நம்ம இசக்கி. பாவம், அவளப் பாருங்க. இவளயா சோதிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, துண்டால் கண்ணை வேறு துடைத்தார். ஹால் முழுக்க என்னைப் பார்த்து 'ச்சூ' கொட்டியது.

நான் எழுந்தேன். முழங்காலில் கை வைக்காமலே மைக் வரை நடந்தேன். அந்த நாலு எட்டுக்கு என்ன விலை என்று எனக்குத்தான் தெரியும்.

"நெசமான ஊனம் சோதனைக்குப் பயப்படாது அண்ணாச்சி! போலிதான் பயப்படும்! என்ன எத்தன தடவ வேணும்னாலும் கூப்புடட்டும். வாறேன், நிக்கேன், நடந்து காட்டுதேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நடுவர் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மறுநாளே வீடியோ தாராவி, கோவண்டி, அம்பர்நாத் என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

கூப்பிட்டார்கள். அடுத்த மாதமே போனில் செய்தி வந்தது. பழைய சான்றிதழ் செல்லாது, புது அட்டை வேண்டுமானால் மறுபடி பரிசோதனைக்கு வா என்று.

பழைய சான்றிதழ் எனக்கு வெறும் காகிதம் இல்லை. மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலா மொத்தக் கடையில் எனக்கு பில் போடும் வேலை. சயானில் ரயிலேறிப் போக வேண்டும். காலை நேரத்து லோக்கலில் என் கால் பிழைத்தது 'ஹேண்டிகேப் டப்பா'வால்தான். (மாற்றுத்திறனாளி என்பதெல்லாம் மேடையில். டப்பாவில் நாங்கள் எல்லோரும் 'ஹேண்டிகேப்'தான்.) நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் ஊனம் என்று டாக்டர் எழுதினால் அந்தப் பெட்டியில் ஏறலாம். குறைந்தால் ஏற முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான வரிசை. கோவண்டி செல்லையா அண்ணாச்சி, ஊன்றுகோலோடு நின்றவர், என்னைப் பார்த்ததும் மற்றவர்களுக்குக் காட்டினார்.

"லே, பட்டிமன்றத்துப் பிள்ள வந்துட்டு! வழி விடுங்கடே, அவ முன்னால போவட்டும். அவளுக்குத்தான் பயமே கெடயாதே!"

கேலி என்று அரைப்புத்தி உள்ளவருக்கும் புரிந்திருக்கும். நான் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தவில்லை. வரிசை முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் இருந்தால் எனக்கு வேறு வினை வேண்டுமா?

டாக்டர் சின்ன வயதுப் பெண். காலை அளந்தாள், மடக்கினாள், நீட்டினாள். பிறகு ஹிந்தியில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"சல்கே திகாவ்."

நடந்தேன். முழங்காலில் கை வைக்காமல்.

"அந்தக் காலில் மட்டும் நிற்க முடியுமா?"

நின்றேன். சுவர் என் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. வராந்தாவில் யாரோ விசிலடித்தார்கள். சம்மணம் போடு என்றாள், போட்டேன். மண்டியிடு என்றாள், இட்டேன். குத்தவைத்து எழுந்திரு என்றாள். எழுந்தபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. படி ஏறுவாயா? "ஹோ ஜாயேகா மேடம்!" ஹிந்தியிலும் எனக்கு 'முடியும்'தான். அவள் கேட்காத ஒன்றும் செய்தேன்: சட்டென்று ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிக் காட்டினேன்.

"சாபாஷ்!" என்றாள் டாக்டர், மனதார.

பரீட்சையில் இப்படி ஒரு பாராட்டு நான் பள்ளிக்கூடத்தில்கூட வாங்கியதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குப் பிறகு செல்லையா அண்ணாச்சி போனார். உள்ளேயிருந்து டாக்டர் குரல் கேட்டது: அந்த மேடம் குத்தவைத்து எழுந்தார்களே, நீங்களும் முயற்சி செய்யுங்களேன்.

"வோ மேடம் பாஷண்வாலி ஹை டாக்டர்," என்றார் அண்ணாச்சி. "ஹம் சாதா ஆத்மி. பைட்டேகா தோ உட்டேகா நஹீ." அந்த மேடம் மேடையில் பேசுகிறவர், நாங்கள் சாதா ஆட்கள், உட்கார்ந்தால் எழ மாட்டோம் என்று.

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். முடிவு வந்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணாச்சிக்கு அறுபது சதவீதம். எனக்கு முப்பத்தெட்டு.

அம்மாவிடம் காட்டினேன். "எத்தனைக்கு எத்தனட்டி?" என்று கேட்டாள். இந்தப் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் செய்தால் ஃபெயில் என்று அவளுக்கு விளக்குவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு லேடீஸ் பெட்டிதான். சயானில் ஏறுவது என் வேலை இல்லை, கூட்டமே ஏற்றிவிடும். இறங்குவதுதான் பிரச்சினை. மஸ்ஜித் வரும், கதவு தெரியும், கால் நகராது. வண்டி என்னைக் கடைசி ஸ்டேஷன் வரை கொண்டுபோய்விடும், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். ஒருநாள் கூட்டத்தில் விழுந்தே விட்டேன். தினமும் தாமதம். கடை முதலாளி சேட் நல்லவர்தான், ஆனாலும் "இசக்கி, இப்படியே போனா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் வீட்டில் மூலைதான் என்று எனக்குத் தெரியும். இருப்புக் கொள்ளாதவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மேல்முறையீடு செய்தேன். இந்தத் தடவை தலைநரைத்த டாக்டர். துணைக்கு அம்மாவும் வந்தாள். வழியெல்லாம் 'முடியாது' என்று சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். படி ஏறுவாயா என்று அவர் கேட்டதும், பாழாய்ப்போன வாய், "ஹோ ஜாயேகா" என்றது.

அவர் எழுதவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "சரி, ஏறிவிடுவாய். தூஸ்ரே தின்? மறுநாள் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "குச் நஹீ" என்றேன், ஒன்றும் ஆகாது.

"ஜூட் போல்தா டாக்டர்!" என்றாள் அம்மா. (பொய் சொல்கிறாள் என்று அர்த்தம். அவளுடைய ஹிந்தியில் ஆணும் பெண்ணும் சரிசமம்.) அதற்கு மேல் அவள் ஹிந்தி ஓடவில்லை, தமிழுக்குத் தாவினாள். "மறுநாளு முட்டு வீங்கி ஒலக்கையாட்டம் கெடக்கும். நான்தான் எண்ண தேய்க்கேன். சொல்லுட்டி அவருட்ட!"

என் மானத்தை என் வாயாலேயே ஹிந்தியில் பெயர்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? "தோடா தர்த் ஹோதா ஹை" என்று முனகினேன், கொஞ்சம் வலிக்கும் என்று.

"தோடாவா? ஏட்டி, எனக்கு அந்த அளவுக்கு ஹிந்தி தெரியும்! 'பஹுத்'துன்னு சொல்லு!"

"பஹுத்," என்றேன், ரொம்ப வலிக்கும் என்று.

அம்மா நிறுத்தவில்லை. "குளிக்கப் போறேன்னு போயி, கொழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள நின்னு அழுவா டாக்டர். எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. ஒரு கொடம் தண்ணிக்குச் சந்தோட சண்ட போடுதவ நான். அந்தத் தண்ணிய என்னிக்காவது நிப்பாட்டுன்னு சொல்லிருக்கேனாட்டி ஒன்ன?"

சொன்னதில்லை. ஒருநாள்கூடச் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் நான் அவளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை மட்டும் நான் ஹிந்தியில் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. என் முழங்காலை மறுபடி நிதானமாகப் பரிசோதித்துவிட்டு எழுதினார். நாற்பத்தைந்து.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஜம்பமடிக்க முடியாது. ஒரு கல்யாண விருந்தில் பதினைந்து பூரி தின்றதாகத் தம்பி சொன்னால், "மறுநாளச் சொல்லு" என்பாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர் மகளுக்குக் கடன் வாங்கித் தடபுடலாகக் கல்யாணம் செய்தபோதும் அதே கேள்விதான். அவர் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு முட்டுவலி என்று மாட்டுங்காவில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "படி ஏற முடியுதாம்மா?" என்று கேட்டார்.

"ஜம்முனு ஏறுவேன் சார்."

"மறுநாளக் கேளுங்க டாக்டர்," என்றேன் நான்.

அம்மா என்னை முறைத்தாள். "கொஞ்சமா வலிக்கும்" என்றாள்.

"கொஞ்சம் இல்ல டாக்டர். பஹுத்."

மேஜைக்கு அடியில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. போலியோ வந்த காலுக்கு வலி தெரியாது என்று நினைப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அம்மா அந்த ரகம் இல்லை. பார்த்து இடது தொடையில்தான் கிள்ளினாள்.