மாமாவை விட்டுவிட்டுக் கட்டிலைத் திருப்பிய கதை

என் ஆயுளில் நான் செய்த மகா முட்டாள்தனம் எதுவென்று கேட்டால், நான் வாய் திறக்க முன்னரே என் மனைவி பவளம் சொல்லிவிடுவாள். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாகப் பயின்றுகொண்டிருந்தேன். (வெள்ளை உடுப்பைப் போட்டால் பாதி டொக்டர் என்ற நினைப்பு வேறு.) பவளத்தை எனக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம் பார்த்து அவளுடைய தகப்பன், சல்லிக் கிராமத்து வேலுப்பிள்ளை மாமா, வயிற்றில் ஒப்பரேசன் முடிந்து என் வாட்டுக்கே வந்து சேர்ந்தார்.

"அப்பாவை உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறன். ஒரு படுக்கைப் புண் வந்துதெண்டாலும் கலியாணக் கதையோட வீட்டுப் பக்கம் வரவேணாம்" என்றாள் பவளம். அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

படுக்கைப் புண்ணைத் தடுப்பது பெரிய வித்தையல்ல. ஆளை ஒரே பக்கமாகக் கிடக்கவிடாமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், விரிப்பில் சுருக்கமோ ஈரமோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் மாமாவின் இடப்பக்கக் கட்டிலில் கிடந்தவர் கணபதிப்பிள்ளை. கடற்கரையில் மீனுக்குக் கரைவலை இழுக்கும் இடத்துக்காகச் சண்டை பிடித்து, பன்னிரண்டு வருடமாக மாமா முகம் பார்க்காத சொந்த மச்சான்!

"இடப்பக்கம் திரும்புங்கோ மாமா."

"அந்த மூஞ்சையைப் பாக்கவோ? செத்தாலும் ஏலாது தம்பி."

வருங்கால மாமனாரை அதட்டலாமா? என் மூளை வேலை செய்தது. கட்டிலைத் தலைகால் மாறச் சுற்றிவிட்டால், இடப்பக்கம் திரும்பினாலும் மறுபக்கத்துச் சன்னல்தானே தெரியும்! மூச்சுப் பிடித்துத் தள்ளிச் சுற்றினேன். மாமா வெயிலைப் பார்த்துத் திசை கணக்குப் போட்டார்.

"தம்பி, தலை வடக்கால கிடக்கு! என்னைப் பாடையில ஏத்தப் போறீரோ?"

ஐயோ என்று மறுபடி சுற்றினேன். பாதிச் சுற்றில் கட்டில்காலின் உருளும் சில்லு இறுகி, நடுப்பாதையை அடைத்துக்கொண்டு கட்டில் குறுக்கே நின்றுவிட்டது. இந்தக் கூத்தில் காலை முழுக்க மாமா வலப்பக்கமாகவே கிடந்தார். அப்போது பார்த்துப் பெரிய டொக்டரும் சிஸ்டரும் நோயாளரைப் பார்க்க வந்தார்கள்.

சிஸ்டர் போர்வையை விலக்கி, மாமாவைச் சற்றுச் சரித்தா. மாமாவின் வலது இடுப்பெலும்பின் மேல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தா. சிவப்பு மறையவில்லை. போச்சு, கலியாணம் போச்சு!

"இன்னும் கொஞ்சம் விட்டால் இது புண். கட்டிலைத் திருப்பச் சொல்லி ஆர் உமக்குப் படிப்பிச்சது? ஆளைத் திருப்பும்!"

வாட்டே சிரித்தது. டொக்டரும்தான். கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளி, மாமாவைக் கேட்காமலே இடப்பக்கம் திருப்பினேன். மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மச்சான்," என்றார், அன்று பவளம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிடந்த கணபதிப்பிள்ளை, "கண்ணைத் திறவும். பொடியன்ர கலியாணம் என்ர மூஞ்சையிலதான் தொங்குது."

மாமாவின் வயிறு குலுங்கியது. "சிரிக்க வையாதையும்! தையல் பிரியப் போகுது!" பன்னிரண்டு வருடத்தில் மச்சானிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

பிறகு இரண்டு மணித்தியாலம் ஆனதும் "மச்சானைத் திருப்பு!" என்று வாட்டே அதிரக் கூவியது கணபதிப்பிள்ளைதான். நாலு நாளில் சிவப்பு மறைந்தது. கலியாணமும் நடந்தது.

பவளம் மட்டும் விடவில்லை. ஒருவரிடம் நேரே சொல்ல வேண்டியதைச் சொல்லப் பயந்து நான் சுற்றி வளைக்கும்போதெல்லாம் அதே பேச்சுத்தான். போன கிழமை பேத்தியும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பப்பா, கட்டிலைத் திருப்பாதையுங்கோ. ஆளைத் திருப்புங்கோ!"