அமுக்குவதற்கு ஒரு நல்ல நேரம்

பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாக வருகைப் படிவத்தைக் காகிதத்திலிருந்து கைப்பேசிக்கு மாற்றியதும், நம் தாமான் குடியிருப்புகளில் ஒரு புது இனம் தலையெடுத்திருக்கிறது. இவர் விமானி அல்லர், குடிநுழைவு அதிகாரியும் அல்லர். ஆனால் இவர் கைபடாமல் அந்தத் தெருவிலிருந்து யாரும் எல்லை தாண்டிவிட முடியாது. ஆன்லைன் படிவ நிபுணர் என்று இவரை அழைப்போம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள், கடைசியில் அதற்கு வருவோம்.

இவரைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளம் போதும். மூக்கின் நுனியில் கண்ணாடி, கையில் இரண்டு கைப்பேசி, வாயில் "பாஸ்போட்ட கொண்டா." நீங்கள் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு இரண்டு நாள் போய் உடம்பைப் பிடித்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருப்பீர்கள்; ஆனால் இவர் உங்கள் கடவுச்சீட்டை வெள்ளைத் துணியில் விரித்து, நான்கு பக்கமும் படம் பிடித்து, காலாவதித் தேதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "இன்னும் எட்டு மாசந்தான் இருக்கு, பார்க்கலாம்" என்று சொல்லும்போது, ஏதோ பெரிய வியாதியிலிருந்து தப்பியதுபோல் உங்களுக்கு வியர்த்துவிடும். வீட்டுக்காரம்மா அந்த நேரம் பார்த்துத் தேநீர் கொண்டுவந்து வைப்பார்.

லூனாஸ் ஊரில் இந்த இனத்தின் தலைசிறந்த வாரிசு யோகேந்திரன். அவருக்குத் தேநீர் கொண்டுவருகிற வீட்டுக்காரம்மா குணசுந்தரி. யோகேந்திரன் பக்கத்து ஊரான குளிமில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். அங்கே சாமான் உள்ளே வந்தாலும் படிவம், வெளியே போனாலும் படிவம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் வருடம் நிரப்புவதற்கு ஒன்றுமில்லாமல் மனிதர் இளைத்துப் போனார். வருகைப் படிவங்கள் ஆன்லைனில் வந்த பிறகுதான் பழைய உடம்பு திரும்பியது.

அவருடைய கணினிக்கு மேலே மளிகைக் கடை கொடுத்த காலண்டர் தொங்கும். அதுதான் இந்த நிபுணரின் தனிச் சிறப்பு. மற்ற ஊர் நிபுணர்கள் இணைய வேகத்தைப் பார்ப்பார்கள். இவர் இராகு காலம் பார்ப்பார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி முடித்து, கடைசியில் "அனுப்பு" என்ற பொத்தான் வந்ததும் விரலை மேலே நிறுத்திக்கொண்டு தலையை மட்டும் காலண்டர் பக்கம் திருப்புவார். நேரம் சரியில்லையென்றால் அப்படியே காத்திருக்க வேண்டியதுதான். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை தாய்லாந்துக்குக் கிளம்ப வந்த ஜெயகுமார், வாசலில் நிறுத்திய காடியின் இன்ஜின் ஓட, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை சோபாவில் உட்கார்ந்திருந்தார். கேட்டால், "இது சும்மா ஃபாரம் இல்ல தம்பி, ஒரு நாட்டுக்குள்ள வலது கால எடுத்து வைக்கிற காரியம்" என்றார் யோகேந்திரன். ஜெயகுமார் மூன்று தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

இந்தக் கணினி, கைப்பேசி எதையும் குணசுந்தரி தொட்டதில்லை. தூசி துடைக்கத் துணியோடு கிட்டே போனாலே உள்ளிருந்து குரல் வரும்: "கை வைக்காத சுந்தரி, எல்லாம் போயிரும்!" எது போகும், எங்கே போகும் என்று அவர் கேட்டதில்லை. ஏதோ போகும் போலிருக்கிறது என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

இனிமேல்தான் கதை. இவர்களுடைய ஒரே மகள் நளினி சிங்கப்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். குழந்தை திரும்பவில்லை என்று சொல்லி, அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த ஆபரேஷனை டாக்டர் இந்த வியாழக்கிழமைக்கே மாற்றிவிட்டார். செய்தி வந்தது திங்கட்கிழமை. நளினி சின்ன வயதிலிருந்தே ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற பிள்ளை. போனில் அழுதாள்.

"அம்மா, நீ வந்து என் கையைப் புடிச்சாத்தான் நான் உள்ள போவேன். சொல்லிட்டேன்."

"வந்துர்றேன்மா. நீ பயப்படாத. அம்மா வந்துர்றேன்" என்றார் குணசுந்தரி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் லேகியத்துக்குச் சாமான் எடுத்து வைத்தார்.

யோகேந்திரனும் கலங்கினார், ஆனால் அவர் கலங்கினால் காலண்டரைப் பார்ப்பார். வியாழக்கிழமை இராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. உடனே மருமகன் காளிதாசனைக் கூப்பிட்டு, டாக்டரிடம் பேசி, மூன்று மணிக்கு மேல் என்று முடித்துவிட்டார். பேத்தியோ பேரனோ நல்ல நேரத்தில் வரப்போகிற திருப்தியோடு டிக்கெட் தேடினால், புதன்கிழமை விமானத்தில் ஓர் இடமும் இல்லை. வியாழன் காலைதான் கிடைத்தது. பினாங்கிலிருந்து கிளம்பி மத்தியானம் பன்னிரண்டரைக்கு இறங்கிவிடலாம். இதில் என்ன குறை என்று நீங்களும் நானும் கேட்போம். வியாழக்கிழமை தெற்கே சூலம். சிங்கப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது? தெற்கே.

அதற்கும் வழி இருக்கிறது. ஆகாத நாளில் கிளம்பியே தீர வேண்டுமென்றால், முன்கூட்டி ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில் பயணப் பையை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் என்று பெயர். பை கிளம்பிவிட்டால் நாமும் கிளம்பிவிட்டோம் என்று கணக்கு. புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு இரண்டு பைகளும் வாசலைத் தாண்டி எதிர் வீட்டு லூர்து மேரியின் வரவேற்பறைக்குப் போய், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்தன.

"வைங்கண்ணே, வைங்க. போன தீபாவளிக்கு முன்னாடியும் இங்கதானே வெச்சீங்க" என்றார் லூர்து மேரி. அவருக்கு இது பழக்கம்.

கிளம்பிய பை திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. ஆனால் யோகேந்திரனின் இரத்த அழுத்த மாத்திரை பைக்குள் இருந்தது. குணசுந்தரியின் பல் துலக்கும் பிரஷ்ஷும் இருந்தது. ஆகவே அன்று முழுவதும் கணவர் எதிர் வீட்டு கேட்டில் நின்று மாத்திரை விழுங்குவதும், மனைவி எதிர் வீட்டுக் குழாயில் பல் துலக்குவதுமாகத் தெரு கலகலப்பாக இருந்தது.

பை போன கையோடு யோகேந்திரன் படிவத்தில் உட்கார்ந்தார். நிபுணர் படிவம் நிரப்பும்போது எதிரே இருப்பது மனைவியானாலும் அவர் கண்ணுக்கு அந்நியப் பயணிதான்.

"கடைசி ஆறு நாள்ல ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போனீங்களா?"

"நான் எங்கங்க போனேன்? போன மாசம் திகாம் பத்து போனேன், காஞ்சனா வீட்டுக்கு."

"இல்லன்னு மட்டும் சொல்லு. காய்ச்சல், இருமல், தடிப்பு?"

"முட்டி வலி இருக்கு."

"முட்டிக்குக் கட்டம் இல்ல. பையில என்ன வெச்சிருக்க?"

"முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், நளினிக்குப் பிரசவ லேகியம்."

லேகியம் உணவா மருந்தா என்பதில் கால் மணி நேரம் போயிற்று. ஊறுகாய், லேகியம் இரண்டு ஜாடியையும் எதிர் வீட்டிலேயே விட்டுவிடலாமா என்று அவர் யோசித்தார். குணசுந்தரி பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டார். பிறகு வந்து சேரும் தேதி என்ற கட்டம் வந்தது. யோகேந்திரன் புதன்கிழமைத் தேதியைப் போட்டார்.

"என்னங்க, நாளைக்குத்தானே போறோம்?"

"யாரு சொன்னா? பயணம் இன்னிக்கே தொடங்கியாச்சு. பை போயிருச்சுல்ல?"

"பைதானே போச்சு? நாம இங்கதானே இருக்கோம்?"

"ஒன்றரை மணி நேர பிளைட்டுல கிளம்புற நாளும் சேர்ற நாளும் ஒண்ணுதான். நான் பாட்டுக்கு வியாழன்னு எழுதிக் குடுத்தா, தெற்கே சூலத்துல கிளம்பினேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்லா. உனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. கை வைக்காத, எல்லாம் போயிரும்."

ஒன்பது ஐம்பதுக்கு, நல்ல நேரத்தில், பொத்தானை அமுக்கினார். ஒப்புதல் மின்னஞ்சல் வந்தது. அதை இரண்டு பிரதி எடுத்து, லூனாஸ் கடைத்தெருவுக்குப் போய் லேமினேட்டும் செய்துகொண்டு வந்தார். கைப்பேசியிலேயே இருக்கிற ஒன்றை எதற்கு லேமினேட் செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஸ்டோரில் வேலை பார்த்ததில்லை.

மறுநாள் விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகி ஒன்றரைக்குத்தான் இறங்கியது. குடிநுழைவு வரிசையில் நின்று முன்னால் போனால் தானியங்கிக் கதவு திறக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த இளம் பெண் அதிகாரி லேமினேட் அட்டையை வாங்கிப் பார்த்து, வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்த்து, "அங்கிள், இது நேற்றைக்கு உரியது, இன்றைய தேதிக்குப் புதிதாக ஒன்று நிரப்பி அனுப்புங்கள், ஐந்து நிமிடம்தான்" என்று ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள். பையின் கதையை யோகேந்திரன் அவளுக்கு விளக்கத் தொடங்கினார். குணசுந்தரி அவர் சட்டையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்து வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: மனிதர் வேலையில் கெட்டிக்காரர். நின்றபடியே இரண்டு பேருக்கும் ஏழு நிமிடத்தில் நிரப்பி முடித்துவிட்டார். தேதியையும் மனசில்லாமல் வியாழன் என்று மாற்றினார். பொத்தான் வந்தது. விரல் அதன் மேல் போய் நின்றது. சுவரில் காலண்டர் இல்லை. ஆனால் கடிகாரம் இருந்தது. மணி ஒன்று ஐம்பத்தைந்து.

"மூணு மணிக்கு அமுக்கிக்கலாம்" என்றார்.

குணசுந்தரிக்கு முதலில் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்ன சொல்றீங்க?"

"இராகு காலம் சுந்தரி. ஒரு மணி நேரந்தான். அந்த நாற்காலியில உட்காரு."

"மூணு மணிக்கு அவள உள்ள கொண்டு போயிருவாங்க. நீங்கதானே நேரம் வெச்சீங்க?"

"அது நல்ல நேரம்லா. அதுல நாம தப்பு பண்ணல."

அந்தச் சமயம் குணசுந்தரியின் பழைய போன் அடித்தது. நளினி. "அம்மா, எங்கம்மா இருக்க? ட்ரிப் போட்டுட்டாங்க. எனக்குப் பயமா இருக்கும்மா." பின்னால் நர்ஸ் ஒருவர் யார் பெயரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"வந்துட்டேன்மா. ஏர்போர்ட்லதான் இருக்கேன். இதோ வந்துட்டேன்" என்றார் குணசுந்தரி. போனை வைத்ததும் கணவர் பக்கம் திரும்பினார். அப்போது வந்ததைக் கோபம் என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம்; பெற்றவளுக்கு அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

அவர் கணவரின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினார்.

"சுந்தரி, கை வைக்காத! எல்லாம்..."

அமுக்கிவிட்டார்.

எதுவும் போகவில்லை. வட்டமாக ஒன்று சுற்றியது. பச்சை நிறத்தில் சரி என்று ஒரு குறி வந்தது. பத்து வருடமாகப் போயிரும், போயிரும் என்று சொன்னது இதைத்தானா என்று குணசுந்தரி ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். யோகேந்திரன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்டார்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில், சக்கரக் கட்டிலில் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்த நளினியின் கையைக் குணசுந்தரி பிடித்தார். ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். நளினி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு வரைக்கும் கையை விடவில்லை. மூன்று இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். யோகேந்திரன் கைக்குட்டையால் முகம் முழுவதையும் துடைத்துக்கொண்டு, "மூணு மணிக்கு மேல வெச்சது யாரு?" என்று மருமகனைக் கேட்டார்.

ஊர் திரும்பிய பிறகு தாமானில் அவர் சொன்ன கணக்கு இது: போன் அவருடையது, விரல் மனைவியுடையது, ஆகவே தோஷம் ஒருவரையும் முழுதாகப் பிடிக்காது.

ஆனால் தாமான் அவர் கணக்கைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அமுக்குகிற ஆள் அந்த வீட்டில் இருப்பதாகச் செய்தி பரவிவிட்டது. மறுவாரம் வேளாங்கண்ணிக்குப் போகக் கடவுச்சீட்டோடு வந்த லூர்து மேரி, அதை நேராகக் குணசுந்தரியிடம் நீட்டினார். குணசுந்தரி முதலில் கூச்சப்பட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கணவரின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். யோகேந்திரன் தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையில் ஏதோ காட்ட விரலை நீட்டினார்.

"கை வைக்காதீங்க, எல்லாம் போயிரும்."

சொன்னது குணசுந்தரி. எல்லாக் கட்டமும் நிரம்பிப் பொத்தானும் வந்துவிட்டது. விமான நிலையத்தில் இராகு காலத்தைக் கண்டு பயப்படாத அதே விரல் இப்போது மேலே நின்றது. தலை மெதுவாகக் காலண்டர் பக்கம் திரும்பியது.

"என்னக்கா பார்க்குறீங்க?" என்றார் லூர்து மேரி.

"ஒண்ணுமில்ல. தேதி பார்த்தேன்."

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். போன வாரம் நீங்கள் ஏதோ ஒரு படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பிவிட்டு, அனுப்புவதற்கு முன்னால் காரணமில்லாமல் மணி பார்த்தீர்களே, பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் கேட்டபோது பேட்டரி எவ்வளவு இருக்கிறதென்று பார்த்ததாகச் சொன்னீர்களே, அந்தப் பதிலை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.