புல்லட்டுக்கு ஞாபகம் திரும்பிய கதை

நாய்க்கு வைத்தியம் பார்த்துத் தன் கல்யாணத்துக்கே உலை வைத்துக்கொள்ளப் பார்த்த பெண் திருப்பூர் வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனியும் வீடும் ஒரே காம்பவுண்டு. காவலுக்குப் புல்லட் என்ற நாய். பெயரில்தான் வேகம். வயதாகி, கூப்பிட்டால் திரும்பாது, அப்பாவையே யாரோ என்று பார்க்கும், தொட்டால் உறுமும்.

"வயசானா அப்படித்தான் கண்ணு" என்றார் அப்பா. நான் கேட்கவில்லை (படித்த திமிர்). கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, "தைராய்டு சுரப்பு கொறஞ்சிருக்குங்க. மந்தம், மறதி, சிடுசிடுப்பு எல்லாம் அதனாலயும் வரும். மாத்திரை குடுங்க, மெல்லத் தேறும்" என்றார்.

தேறியது. அப்பாவைக் கண்டதும் வாலாட்டியது. ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஞாபகம் திரும்பினால் பழைய திருட்டுப் புத்தியும் கூடவே வரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கவ்விப்போய்ப் புதைப்பது அதன் இளமைக்காலத் தொழில்.

அந்த நேரம் பார்த்து உடுமலைப்பேட்டையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் அம்மாவின் முகம்தான் கடைசிவரை தெளியவில்லை. எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அந்தம்மா தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு, "ஊட்டுல கலந்துட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்தார். எனக்கு அழுகை முட்டியது.

வாசலில் ஆளுக்கு ஒற்றைச் செருப்புதான் இருந்தது.

"ஏனுங்க, இதென்னுங்க கூத்து?" என்றார் அந்தம்மா.

அப்பா என்னைக் கைகாட்டினார். "எம்புள்ளதானுங்க நாய்க்கு ஞாபகம் வர மாத்திரை குடுத்தா!"

கம்பெனிக்குப் பின்னால் பனியன் துணி வெட்டிய கட்டிங் வேஸ்ட் மலைபோலக் கிடந்தது. அதன் உச்சியில் புல்லட், பரம சந்தோஷமாக. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் துணிக் குவியலுக்குள் இறங்கினேன். மாப்பிள்ளையும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். (மானம் போனாலும் அந்த அரைமணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது.) செருப்பு அகப்படவில்லை; உச்சிவெயில் ஏறியது. வெறுங்காலோடு யாரும் தெருவில் இறங்க முடியாது.

"பசியோட எத்தன நேரமுங்க நிப்பீங்க? ஒரு வாய் சாப்புடுங்க" என்று அம்மா இலை போட்டார்.

ரசத்துக்கு வந்தபிறகுதான் அந்தம்மாவுக்கு உறைத்தது. கை அப்படியே இலையில் நின்றது. தலையெல்லாம் பனியன் துண்டு ஒட்டிக்கொண்டு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"நனைச்சாச்சு. இனி என்னங்க, மோரையும் ஊத்துங்க."

போன மாதம் என் மாமியாருக்கும் தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்பா பதறிப்போய் ஓடிவந்தார். "ஏனுங்க சம்மந்தி, பழசெல்லாம் ஞாபகம் வந்துருமுங்களா? அன்னைக்கு வேண்டாம்னு கெளம்புனீங்களே, அது?"

"அது எப்பவோ மறந்துபோச்சுங்க" என்றார் மாமியார். "எம்பட இன்னொரு செருப்பு எங்கீங்க?"