சூசையப்பருக்கு அளவெடுத்த தபசுகாலம்

கல்யாணத்துக்கு நாள் பார்க்க எங்கள் சைவ நண்பர்கள் படும் பாட்டைக் கண்டு நாங்கள் சிரிப்பதுண்டு. ராகுகாலம், எமகண்டம், கரிநாள் என்று அவர்களுக்கு ஆயிரம் தடை. கத்தோலிக்கர்களான எங்களுக்கு ஒரே தடைதான். விபூதிப் புதனில் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரை நீளும் தபசுகாலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. மற்றபடி எந்த நாளிலும் கட்டலாம். இவ்வளவு தாராளமான சட்டத்துக்குள்ளும் ஒருவன் தன் கல்யாணத்தைத் தவறவிட வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது.

மட்டக்களப்புக்கு ரயில் வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். பட்டணத்தில் எனக்கு ஒரு தையற்கடை இருந்தது. கடையில் ஒரு மெஷினும் ஒரு கண்ணாடியும் இருந்தன. (வருகிறவர்களைவிட நான்தான் அதில் அதிகம் பார்ப்பேன்.) தன்னாமுனைக்கு அப்பால், வாவிக்கரையில் இருந்த ஒரு சின்னக் குடியிருப்பில் எனக்குப் பெண் பேசினார்கள். பெயர் பிலோமினா. ஒரே ஒருதரம் பார்த்திருந்தேன். தலையைக் குனிந்தபடி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, குனிந்தபடியே உள்ளே போய்விட்டாள். அவளுடைய வகிடு நேராக இருந்தது என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது.

விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்று முடிவாயிற்று. அதை விட்டால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை காத்திருக்க வேண்டும். இதே கணக்கை ஊரிலுள்ள மற்ற மாப்பிள்ளைகளும் போட்டிருந்தார்கள். அத்தனை பேருடைய கோட்டும் களிசானும் என் கடையில்தான் குவிந்து கிடந்தன. எல்லாரையும் மாப்பிள்ளையாக்கி அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் என்னுடைய வெள்ளை டிரில் துணியைக் கையில் எடுத்தேன்.

டிரில் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் தண்ணீரிலேயே சுருங்கிவிடும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் உரத்துச் சொல்லும் பாடம் இது. எனக்கோ நேரமில்லை. கல்யாண நாளன்று மழை வராது என்று எனக்கு நானே உறுதி கொடுத்துவிட்டு, நனைக்காமலே வெட்டினேன். மழை என்னவோ வரவில்லைதான்.

அம்மாவும் உறவினர்களும் திங்கட்கிழமையே மாட்டுவண்டியில் போய்விட்டார்கள். நான் பொத்தான் தைத்து முடித்துச் செவ்வாய் விடியற்காலையில் தோணியில் புறப்பட்டேன். ஏறாவூர் றோட்டில் போனால் செம்புழுதி கோட்டில் படியும் என்ற கவலைதான் காரணம். தோணிக்காரர் பத்தக்குட்டி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குந்துங்க தம்பி."

"குந்தினா கோட்டு மடிஞ்சிரும் அண்ணன்."

"நிண்டா தோணி கவுண்டிரும்."

"நான் அசைய மாட்டன்."

சொன்னபடி நான் அசையவே இல்லை. தோணிதான் அசைந்தது. மாரி முடிந்து முகத்துவாரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வாவி நீர் கடலுக்குள் வடிந்து, போன கிழமை ஆழமாக இருந்த இடமெல்லாம் சேற்றுத் திட்டாகியிருந்தது. அப்படியொரு திட்டில் தோணியின் மூக்கு குத்தி நின்றபோது, நின்றுகொண்டிருந்த ஒரே ஆளான நான் மட்டும் முன்னோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தேன். தண்ணீர் இடுப்பளவுதான். சேறு அதைவிடத் தாராளம்.

பத்தக்குட்டி அண்ணன் என்னைத் தூக்கித் தோணியில் போட்டார். இந்தத் தடவை நான் குந்தினேன்.

பக்கத்துக் கரையில் ஒரு முஸ்லிம் வீடு இருந்தது. வீட்டுக்காரர் ஆதம்பாவா காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) என் கோலத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் இடுப்பில் சுற்ற ஒரு சாறனும் மேலுக்கு ஒரு பெனியனும் எடுத்துத் தந்தார். அவருடைய மனைவி கோட்டையும் களிசானையும் வாங்கிக் கொண்டுபோய்க் கிணற்றடிக் கல்லில் அடித்து அலசிக் கொடியில் போட்டார். தேத்தண்ணி வந்தது. பூசையில் நற்கருணை வாங்கும்வரை நான் தண்ணீரும் குடிக்கக் கூடாது என்றேன்.

"எங்கட நோன்பு மாதிரித்தானே" என்று கோப்பையை எடுத்துக்கொண்ட காக்கா, வெயிலை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, நேரம் போகுது. சாறனோட போங்க. பொண்ணு கட்டிக்கிறது உங்களையா, கோட்டயா?"

"இப்ப காஞ்சிரும் காக்கா."

என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான சொற்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் இதற்குத்தான். (இரண்டாவது இடம் "நான் அசைய மாட்டன்".) அந்த நேரமே கிளம்பியிருந்தால் பூசைக்குச் சரியாகப் போயிருப்பேன். நானோ கொடிக்குக் கீழே நின்று, கோட்டை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகக் காய்ந்தது. காயக் காயச் சுருங்கவும் செய்தது. கை மணிக்கட்டுக்கு வர மறுத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டது. பொத்தானும் பொத்தான் துளையும் கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. களிசான் கெண்டைக்காலோடு முடிந்தது. காக்காவின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்க்காதது போல இருந்தேன்.

மறுபடி தோணியில் ஏறி, பெண்ணின் ஊர்க் கோயில் கூரை தெரிகிற தூரத்துக்கு வந்தபோது மணி அடித்தது. மத்தியானச் செப மணி. அந்தக் காலத்தில் மத்தியானம் தாண்டினால் பூசை வைக்கமாட்டார்கள்; பூசை இல்லாமல் கல்யாணமும் இல்லை.

"உங்களுக்குத்தான் அடிக்கிறாங்க போல" என்றார் பத்தக்குட்டி அண்ணன்.

ஒருவகையில் எனக்குத்தான்.

கல்யாண வீட்டில் நான் காலடி வைத்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வராவிட்டாலும் ஆடு வந்திருந்ததே. மறுநாள் விபூதிப் புதன். அதற்குப் பிறகு உயிர்த்த ஞாயிறுவரை எங்கள் ஊரில் இறைச்சியை யாரும் தொடமாட்டார்கள். ஆகவே விருந்தினர்கள் துக்கத்தை அடக்கிக்கொண்டு மும்முரமாகச் சாப்பிட்டார்கள். காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார் என்பதால், மாமியார் காலையிலிருந்து அவருடைய சுரூபத்துக்கு முன் முழங்காலில் இருந்திருக்கிறார். என்னைக் கண்டதும், "அந்தோனியார் தேடித் தந்திட்டார்" என்று எழுந்தார்.

"தந்தவர்தான். சுருக்கியெல்லோ தந்திரிக்கார்" என்றது பந்தியிலிருந்து ஒரு குரல்.

என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமனார் என் அருகில் வந்து மெதுவாகப் பேசினார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பூசை வைக்கிற சாமி உச்சிவரைக்கும் பட்டினியோட இரிந்து பார்த்தார். சித்தாண்டிக்கு அங்கால ஒராள் சாகக்கிடக்கிறாராம். கடைசித் தைலம் பூசி அவஸ்தை குடுக்கப் போயிட்டார். நீங்க இரிங்க, சாப்பிடுங்க."

என் கல்யாண விருந்தில் ஒரு விருந்தாளியாக உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். வெட்கத்தால் தொண்டை அடைத்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நள்ளிரவிலிருந்து பட்டினி. இறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் வாங்கினேன்.

பந்தி முடிந்ததும் மாமனார் என் அம்மாவிடம் சொன்னார்: "குறை நினைக்க வேணாம். கலியாணத்துக்கு நேரத்தோட வராதவர் மறுகா எதுக்கு வருவார்? புனிதர்மாருக்கும் இது விருப்பமில்ல போல. இதோட விட்டிருவம்."

சுருங்கிய கோட்டுக்குள் நானும் சுருங்கினேன். அப்போது அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிலோமினாவின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, தபசுகாலம் முடியட்டும். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமையில அவர் இஞ்ச சிலுவைப்பாதைச் செபத்துக்கு வரட்டும். நேரத்தோட வாறாரா எண்டு பார்ப்பம். மறுகா முடிவெடுப்பம்."

மாமனார் சம்மதித்தார்; மாற்றுடுப்பு இல்லாமல் அந்தக் கோட்டுடனேயே அன்றிரவு அந்த ஊரில் தங்கினேன். மறுநாள் காலை சுவாமியார் திரும்பி வந்து விபூதி பூசினார். மனிதன் மண் என்பதை நினைவூட்டத்தான் அந்தச் சாம்பல். எனக்கு வாவிச் சேறே அதை விளக்கமாக நினைவூட்டியிருந்தது. சுவாமியார் பிரான்சு தேசத்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர் ஆதலால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். பூசை முடிந்ததும் என்னை அழைத்தார்.

"நீர் தையற்காரர் அல்லவா?"

"ஓம் சாமி."

"உயிர்த்த ஞாயிறுக்கு இரு வாரம் முந்தி வரும் பாடுகளின் ஞாயிறுக்கு முன் சுரூபங்கள் அனைத்தையும் ஊதாத் துணியால் மூட வேண்டும். பழைய துணிகளைக் கறையான் தின்றுவிட்டது. புதியவற்றை நீர் தைத்துத் தாரும். உமது தபசு அதுவே." சற்று யோசித்துவிட்டு என் கோட்டுக் கையைப் பார்த்தார். "துணியை முன்னதாகவே நனைத்துவிடும்."

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வண்டியில், செம்புழுதியை முகமெல்லாம் அப்பிக்கொண்டு போனேன். கோயில் திறக்குமுன்பே வாசலில் நிற்பேன். இரண்டு வெள்ளிக்கிழமைகளில் என்னைக் கண்ட பிறகுதான் கோயிற்காரர் திறப்பைத் தேடப் போனார்.

சிலுவைப்பாதை முடிந்ததும் சுரூபங்களுக்கு அளவெடுப்பேன். கோயிலைக் கூட்டித் துடைக்கும் முறை பிலோமினா வீட்டாருடையதாக இருந்தது. (அந்த முறையை அவள் கேட்டு வாங்கினாள் என்பது பின்னால் தெரிந்தது.) மாமியார் பின்வரிசை வாங்குப்பலகையில் செபமாலையுடன் உட்கார்ந்து எங்களைக் காவல் காப்பார். அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பிலோமினா பிடித்தாள். அப்படியாக நாங்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது சூசையப்பரின் தோளுக்கு மேலாகத்தான்.

"ஒண்டு கேட்பன். உண்மையச் சொல்லணும்" என்றாள்.

"கேளுங்க."

"அண்டைக்கு அந்தச் சாறனோடயே வந்திரிக்கலாம்தானே?"

"வந்திரிக்கலாம்."

"ஏன் வரல்ல?"

"நீங்க சிரிப்பீங்க எண்டு பயந்தன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சிரிச்சுத்தான் இரிப்பன். அந்தக் கோட்டோட வந்து நிண்டதையும் கதவு நீக்கலால பார்த்தன். சிரிப்ப அடக்கேலாம தலையணைய வாயில வச்சிக்கிட்டன். வீட்டார் எல்லாரும் நான் அழுறன் எண்டு நினைச்சாங்க."

இதைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. தபசுகாலத்தில், கோயிலுக்குள், சூசையப்பரின் இரு பக்கமும் நின்று நாங்கள் சிரித்தோம். பின்வரிசையிலிருந்து மாமியாரின் இருமல் கேட்டது. நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மார்பளவு" என்றேன், எண்ணைச் சொல்ல மறந்து.

வழக்கப்படி பேசிய கல்யாணம் நேரத்துக்கு நடந்திருந்தால், அந்த வகிட்டைத் தவிர ஒன்றுமறியாத ஒரு பெண்ணோடுதான் வாழத் தொடங்கியிருப்பேன். இப்போதோ அவளுக்குப் பாகற்காய் பிடிக்காது, வாவியில் ஆண்பிள்ளைகளைவிட நன்றாக நீந்துவாள், பொய் சொன்னால் ஒரு பக்கமாகப் பார்ப்பாள் என்பதெல்லாம் தெரிந்தது. அவளுக்கும் என்னைப் பற்றித் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. அப்படியும் நாடாவை அவள் விடவில்லை. சூசையப்பர் திருநாளன்று ஏழைகளுக்குப் பொங்கிப் பரிமாறியபோது, மாமனார் ஒரு வாளியை என் கையில் தந்து, "இத அங்கால கொண்டு போங்க மருமகன்" என்றார். அவர் என்ன சொன்னார் என்பதை உணர எனக்குப் பாதி வரிசை பிடித்தது.

துணிகளைத் தைத்து முடித்தேன். இந்த முறை நனைத்து, காயவைத்து, மறுபடியும் நனைத்துத்தான் வெட்டினேன். என் கைத்திறமை முழுவதையும் காட்டினேன் என்பதுதான் சிக்கலாகிப் போனது. சுரூபங்களை மூடிவிட்டுத் தள்ளிநின்று பார்த்த சுவாமியார், மறுபடி கிட்டப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சூசையப்பருக்குத் தோள் தூக்கி, கை வைத்து, இடுப்பு பிடித்துத் தைத்திருந்தேன். அந்தோனியார் கையிலிருந்த குழந்தைக்குத் தனியாக ஒரு குட்டிச் சட்டை. செபஸ்தியாரின் உடலில் தைத்த அம்புகளுக்கு ஒவ்வொன்றாக உறை.

"மகனே, நான் மறைக்கச் சொன்னேன்" என்றார் சுவாமியார். "நீர் உடுத்திவிட்டிருக்கிறீர்."

மாற்றித் தைக்க நேரமில்லை. அந்த வருடம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அந்தக் கோயிலுக்குச் சிலுவைப்பாதை செய்ய வந்தார்கள். பக்தி அதிகரித்துவிட்டதாகச் சுவாமியார் ஆயருக்கு அறிவித்ததாகக் கேள்வி.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் எங்கள் கல்யாணம் நடந்தது. நான் முந்திய நாளே போய்விட்டேன். வேட்டியும் சட்டையும்தான் உடுத்தியிருந்தேன். பீடத்தடியில் பிலோமினா முக்காட்டுக்குள்ளிருந்து என்னை ஏறிட்டுப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் விபூதிப் புதனுக்கு முந்திய நாள் ஆட்டிறைச்சி சமைத்து ஒரு விருந்து உண்டு. பேரப்பிள்ளைகள் அதற்கு 'மாப்பிள்ளை வராத கலியாணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் தவறிப்போய் நேரத்தோடு மேசைக்கு வந்துவிட்டால், "அப்பப்பா, நீங்க இன்னும் வரல்ல. வெளிய போய் நில்லுங்க" என்று துரத்திவிடுவார்கள். கறி மணக்க மணக்க முற்றத்தில் நிற்பேன். எல்லாரும் கைகழுவிய பிறகு பிலோமினா வந்து என்னைக் கூப்பிடுவாள். அவளும் அதுவரை சாப்பிட்டிருக்கமாட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கல்யாண வீட்டில் அத்தனை பேரும் சாப்பிட்ட பிறகும், பொழுதுபடும்வரை கை நனைக்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான் என்பது, எங்கள் மூத்தவள் பிறந்த பிறகே எனக்குத் தெரியவந்தது.