முன் சீட்டில் ஈரம்

ரத்தோட்டையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சில்வெஸ்டர் அதைக் கவனிக்காதவர் போல ஒரு வளைவை ஓட்டி முடித்தார். பின் சீட்டில் இருந்த மனைவி ஜோசப்பினிடம் அந்த வித்தையெல்லாம் செல்லாது.

"ஏங்க, முள்ளு மேல போகுது."

"வேன் மலை ஏறுதில்ல, முள்ளும் கூடவே ஏறும்."

அடுத்த வளைவில் முன் சீட்டுக்கு அடியிலிருந்த எஞ்சினிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்ப, வேன் நின்றுவிட்டது.

சனிக்கிழமை மகள் ஷிரானிக்குக் கல்யாணம். மணப்பெண் அப்பாவின் சொந்த வேனில், முன் சீட்டில் உட்கார்ந்து மாத்தளை சர்ச்சில் போய் இறங்க வேண்டும். ஊரார் வேன்களை ஓட்டிப் பிழைத்த காலமெல்லாம் சில்வெஸ்டர் கண்ட கனவு அது. அதற்காகவே போன மாதம் இந்த வேனை வாங்கினார். வேனுக்கு மணப்பெண்ணைவிட வயது கூட. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்து உறவுகளுக்குக் கல்யாணக் கார்டு கொடுத்த மாதிரியும் ஆச்சு, வேனைச் சோதித்த மாதிரியும் ஆச்சு என்றுதான் இன்று குடும்பத்தோடு கிளம்பியிருந்தார்.

எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். எஞ்சின் சூட்டைத் தணிக்கக் காலையில் விளிம்புவரை ஊற்றிய கூலன்ட்டில் பாதியைக் காணோம். வேனுக்கு அடியில் படுத்தே பார்த்துவிட்டார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஈரம் இங்க இருக்குப்பா," என்றாள் ஷிரானி.

இடப்பக்க முன் சீட்டில் காலையிலிருந்து யாருமே உட்காரவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் இருப்பவர் கால் வைக்கும் இடத்தில் இரண்டு ஈரத் திட்டுகள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், சரியாகப் பாதத்தின் அளவு. கூடவே ஓர் இனிப்பு வாசம். பூ வாசமும் இல்லை, பழ வாசமும் இல்லை.

ஜோசப்பின் சிலுவை போட்டுக்கொண்டாள். "நம்ம கூட யாரோ உக்காந்து வந்திருக்காங்க."

"டிக்கெட் எடுக்காமயா?" என்று சில்வெஸ்டர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

மூடிதான் சரியில்லை என்று முடிவுகட்டி, டாஷ்போர்டில் கிடந்த புது மூடியைப் போட்டு, மிச்சக் கூலன்ட்டையும் ஊற்றினார். வேன் கிளம்பியது. ஆனால் வாசம் இரண்டு மடங்கானது. ஈரம் மெல்ல மெல்ல சீட்டின் பக்கமாக ஊர்ந்து வந்தது.

ஜோசப்பினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கைப்பையிலிருந்த தீர்த்த போத்தலை எடுத்து எட்டி எட்டித் தெளித்தாள்.

"அடியே, எது கூலன்ட், எது தீர்த்தம்னு இனி நான் எப்பிடிப் பாக்குறது?"

"தீர்த்தம் பட்டா அது எறங்கிப் போயிரும். பேசாம ஓட்டுங்க."

மூடுபனி இறங்கத் தொடங்கியது. முள் மறுபடி ஏறியது. சில்வெஸ்டருக்குப் பழைய டிரைவர்கள் சொன்ன ஒரு யுக்தி ஞாபகம் வந்தது. ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு வேனுக்குள் வந்துவிடும், எஞ்சின் ஆறும். பிடியைத் திருகினார். இளஞ்சூடான காற்று வந்தது. வந்தது, நின்றது, மறுபடி வந்தது. முள்ளும் இறங்கியது.

அவர் முகம் மலர்வதற்குள் இடப்பக்கக் கண்ணாடி உள்ளே ஆவி பிடித்தது. முழுக் கண்ணாடியும் இல்லை. முன் சீட்டில் ஆள் இருந்தால் முகம் இருக்கும் உயரத்தில், வட்டமாக, அந்த இடம் மட்டும்.

"நிப்பாட்டுங்கப்பா!" ஷிரானிக்கு அழுகையே வந்துவிட்டது. "சனிக்கிழமை நான் பஸ்ஸுல போறேன். கல்யாண உடுப்போட பஸ்ஸுல போனாலும் போவேன், இதுல ஏற மாட்டேன்."

அந்தப் பேச்சு சில்வெஸ்டரைத் தைத்துவிட்டது. வேனை ஓரம் கட்டி, கீழே இறங்கிப் பனிக்குள் நின்றார். பேய் பிசாசு எதுவானாலும் மகளைப் பஸ்ஸில் அனுப்ப அவருக்கு மனசில்லை. யோசித்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார்.

"ஹீட்டர் ஓட்டை! ஹீட்டர் பெட்டிக்குள்ள சின்னதா ஒரு ரேடியேட்டர் இருக்கு. இருக்கிறதும் அந்தச் சீட்டுக்கு முன்னாலதான். அது ஓட்டையானா கூலன்ட் வெளிய சொட்டாது, உள்ளதான் வடியும். கூலன்ட் இனிப்பாத்தான் மணக்கும். ஆவி கண்ணாடில படியும். புது மூடி போட்டதும் அமுக்கம் கூடி நல்லா வடிஞ்சிருக்கு. பேயாவது, பிசாசாவது!"

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஷிரானிக்குச் சிரிப்பு வந்தது. பயந்ததற்கு வெட்கப்பட்டு, தானாகவே முன் சீட்டுக்கு மாறி, ஈரத்தின்மேல் ஒரு சீலைத் துண்டை விரித்துக் கால் வைத்தாள்.

"அப்ப ஏந் தீர்த்தம் வீணா?" என்றாள் ஜோசப்பின்.

கார்டுகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேனைத் திருப்பி மாத்தளைக்கு விட்டார். வழி முழுக்க அந்தச் சூட்டுக் காற்று வந்துகொண்டே இருந்தது. "காலுக்கு எதமா இருக்குப்பா," என்றாள் ஷிரானி. சில்வெஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாத்தளை கராஜில் மெக்கானிக் ஸுஹைல் வாயைத் திறக்குமுன் நோய், காரணம், மருந்து மூன்றையும் சில்வெஸ்டரே ஒப்பித்துவிட்டார். "ஹீட்டருக்குப் போற ஹோஸ மட்டும் அடைச்சு விடுங்க தம்பி. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம்."

எஞ்சினை நிறுத்தியாயிற்று. ஷிரானி இறங்கவில்லை. கண்ணை மூடி, காலை நீட்டி, சுகமாகச் சாய்ந்திருந்தாள். "காத்து இன்னும் வருதுப்பா," என்றாள்.

ஸுஹைல் டார்ச்சோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். பிறகு தலையை வெளியே எடுத்து, சில்வெஸ்டரின் காதருகே வந்தான்.

"அண்ணே, மகள மெதுவா எறங்கி வரச் சொல்லுங்க. இந்த ஊரு வெக்கைக்கு எதுக்குன்னு யாரோ எப்பவோ கழட்டி எடுத்திருக்காங்க. இந்த வேன்ல ஹீட்டரே இல்ல."