ஜீவநீரும் இரண்டு ஜாடிகளும்

செத்த மீன் பிழைக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஊரில் பிழைத்திருந்தவர்களுக்கெல்லாம் புத்தி செத்துப்போனது.

மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகை வாசலில் காலையிலிருந்தே வரிசை. காலில் கட்டுப் போட்டவர்கள், இருமுகிறவர்கள், குழந்தை இல்லாதவர்கள், இருக்கிற குழந்தை படிக்கவில்லை என்கிறவர்கள். ஒரு குறையும் இல்லாதவர்களும் வந்தார்கள், இதுவரை ஒன்றும் வரவில்லையே என்ற கவலையோடு.

மேடையில் வெள்ளை அங்கியில் ஜீவநீர் ஐயா. முன்னால் ஒரு கண்ணாடி ஜாடி. அதன் அடியில், பட்டுத் துணி மாதிரி வால் கொண்ட ஒரு ஃபைட்டர் மீன் சாய்ந்து கிடக்கும். கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்வார். அவர் தட்டுவார். அசையாது. "போயிடுச்சுங்க" என்பார், சொந்தக்காரர் போன துக்கத்தில். ஐயா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, செம்பிலிருந்து ஜீவநீரை ஊற்றுவார். ஐந்து நிமிடத்தில் செவுள் துடிக்கும். வால் விரியும். மீன் நீந்தும். கூட்டம் அழும். பிறகு பாட்டில் விற்பனை.

இந்தப் பாட்டில்களில் ஆறு, தையல்கார அண்ணன் வீட்டு அலமாரியில் இருந்தன. அண்ணனுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் ஊசி போட்டவர் மூன்று வாரமாக நிறுத்திவிட்டார்.

அவருடைய தங்கைக்குப் பிரிட்ஜ் ரிப்பேர் தொழில். ஊருக்கே அவள் பிரிட்ஜ் அக்கா. அண்ணி போன் செய்து அழவும், கையில் ஸ்பேனரோடு அப்படியே வந்து நின்றாள்.

"ஊசி ஏன் போடல?"

"எதுக்கு? செத்த மீனுக்கே உயிர் குடுக்கிற தண்ணி. என் சக்கரைக்கு ஒரு வழி பண்ணாதா?"

"நீ என்ன மீனா?"

"உனக்கு எல்லாம் நக்கல்தான். நான் கண்ணால பார்த்தேன்."

"கால் விரல்ல புண்ணப் பாரு, கறுத்துக்கிட்டு வருது" என்றாள் அண்ணி. "டாக்டர்கிட்ட போலாம்னா, உனக்கு நம்பிக்கை பத்தல, அதான் எனக்கு ஆறலங்கிறாரு."

தண்ணீர் வேலை செய்யாததற்குப் பழி பெண்டாட்டி மேல். நல்ல மருந்து!

அக்கா கத்தினாள், கெஞ்சினாள். அண்ணன் அசையவில்லை. ஜீவநீர்க்காரன் மீனை மாற்றி வைக்கிறானா, பொம்மையா என்று அவளுக்கும் பிடிபடவில்லை. பிடிபடாததை அண்ணன் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவள் கடைக்கு ஒரு போன். கொட்டகையில் பிரிட்ஜ் கெட்டுவிட்டதாம், உடனே வர வேண்டுமாம். செத்ததைப் பிழைக்க வைக்கிற மகானுக்குச் செத்த பிரிட்ஜைப் பிழைக்க வைக்கத் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை. நரைத்த தாடியோடு ஒரு சீடன் கதவைத் திறந்தான். காய்கறி வைக்கிற கீழ்த் தட்டை இழுத்ததும் அக்காவின் கை நின்றது. வரிசையாக ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் கலங்கல் தண்ணீர், ஒரு ஃபைட்டர் மீன். திரும்பக்கூட இடமில்லை. நாற்றம் மூக்கைத் துளைத்தது. மூன்று மீன்கள் மிதந்தன. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கின.

"சீக்கிரம் பாருங்கக்கா" என்றான் சீடன். "ரெண்டு நாளா குளிரே இல்ல. ஒண்ணுகூட மயங்கமாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்காவுக்கு எல்லாம் பிடிபட்டது. அவள் கடையிலும் ஒரு ஃபைட்டர் மீன் உண்டு. இருபது லிட்டர் தொட்டி. தண்ணீர் எப்போதும் இருபத்தாறு டிகிரியில் இருக்க ஒரு ஹீட்டர். மெதுவாக ஓடும் ஃபில்டர். மீன் மேலே வந்து மூச்சு விட, மூடிக்குக் கீழே இடைவெளி. குளோரின் போக்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுவாள். போன குளிர்காலத்தில் ஹீட்டர் கெட்டு, காலையில் வந்து பார்த்தால் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மெல்ல மெல்லச் சூடேற்றினாள், எழுந்துவிட்டது. அன்றைக்கு அவளும் முணுமுணுத்தாள். மந்திரம் அல்ல, ஹீட்டர் விற்றவனைப் பற்றி நாலு வார்த்தை.

ரிலேவை மாற்றினாள். பிரிட்ஜ் உறுமியது. ஓடவிடாமல் வந்திருக்கலாம். ஆனால் ஐயா ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்து, அடுத்த ஊரில் கடை போடுவார். அண்ணன் தேடிக்கொண்டு அங்கேயும் போவார். இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மீன்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தட்டை மூடினாள்.

அடுத்த நாள் கொட்டகை நிரம்பி வழிந்தது. அண்ணன் மூன்றாவது வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தட்டிப் பார்க்க யார் வருகிறீர்கள் என்று ஐயா கேட்டதும், அக்கா ஒரு பையோடு மேடை ஏறினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். வீட்டுக்குக் கொண்டுபோன பாட்டில்லயும் மந்திரம் இருக்குமா?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் இருக்கும்!" கைத்தட்டல்.

"குளிர்ந்து போனா?"

"மந்திரம் என்ன காப்பியா, ஆறிப்போக?" கொட்டகை அதிரச் சிரிப்பு.

அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். "இது எங்க அண்ணன் உங்ககிட்ட வாங்கினது. ஐஸ்ல வெச்சு எடுத்து வந்திருக்கேன். இந்தப் பிளாஸ்க்ல இருக்கிறது என் மீன்தொட்டிக்கு மாத்துற தண்ணி, வெதுவெதுப்பா இருக்கு, மந்திரம் கிடையாது. இன்னொரு மீனையும் கொண்டு வரச் சொல்லுங்க. ஒண்ணுக்கு இது, ஒண்ணுக்கு அது. எது எழுந்திருக்குதுன்னு பார்ப்போம்."

ஐயாவின் முகம் கறுத்தது. "சோதிச்சா சக்தி கோவிச்சுக்கும்!"

"இறங்கும்மா கீழே!" என்றது ஒரு குரல்.

"செஞ்சுதான் பார்க்கட்டுமே!" என்று எழுந்தார் பால்காரர். "எப்படியும் ஐயாதானே ஜெயிக்கப் போறாரு!"

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். மகானைப் பொறிக்குள் தள்ளியது பக்தர்களின் நம்பிக்கைதான்.

வேறு வழியில்லாமல் இரண்டாவது ஜாடி வந்தது. அக்கா பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துப் பால்காரரிடம் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"ரெண்டு ஜாடியும் பன்னெண்டு. அண்ணன் பாட்டில் ஆறு. பிளாஸ்க் முப்பது." கடைசியாக ஐயாவின் செம்பில் விட்டார். "முப்பத்தெட்டு... என்னங்கய்யா, சுடுதண்ணியா?"

ஐயா செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அண்ணன் பாட்டிலின் மந்திரத் தண்ணீர் ஒரு ஜாடியில் விழுந்தது. மந்திரமில்லாத தண்ணீரை மற்றொன்றில் அக்கா கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். இருமல்காரர்கள்கூட இருமவில்லை. கால் மணி நேரம் ஆனது. மந்திரம் குடித்த மீன் கிடந்த இடத்திலேயே கிடந்தது. மற்றது செவுளை அசைத்தது, வாலை விரித்தது, நேராக மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு நீந்தியது.

"இதையும் ஏன் சாகவிடணும்?" என்று மீதித் தண்ணீரை முதல் ஜாடியிலும் விட்டாள் அக்கா. அதுவும் மெல்ல எழுந்தது.

"என் சக்தி இந்தப் பொண்ணு வழியா வேலை செய்யுது!" என்றார் ஐயா.

"அப்போ உங்க பிரிட்ஜ் வழியாவும் செய்யுது" என்றாள் அக்கா. "பின்னாடி போய்க் கீழ்த் தட்டைத் திறந்து பாருங்க. நேத்து நான்தான் ரிப்பேர் பண்ணேன்."

கூட்டம் திறந்து பார்த்தது. ஐயா பின்கதவைத் தேடினார். அங்கே பாட்டில் வாங்கியவர்கள் நின்றிருந்தார்கள். போலீஸ் வரும்வரை அங்கி மட்டும் கிழிந்தது என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் கண்ணால பார்த்தேன்மா" என்றார், குழந்தை மாதிரி.

"பார்த்த. அந்தத் தண்ணியத் தொட்டுப் பார்க்கல. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருந்தால் களிம்போடு போயிருக்கும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட அண்ணி, அண்ணனைத் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

பிழைத்த மீன்களை அக்கா கடைக்குக் கொண்டுவந்தாள். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பதால் ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு ஹீட்டர்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஊருக்குக் கௌரவமாக இருந்திருக்கும். மறு வாரம் கடையைத் திறக்க வந்தால் வாசலில் பன்னிரண்டு பேர். எல்லார் கையிலும் காலி பாட்டில்.

"அக்கா" என்றாள் முன்னால் நின்றவள், பயபக்தியோடு. "மந்திரமே இல்லாம மீன எழுப்பினீங்களாமே! உங்க தொட்டித் தண்ணி ஒரு டம்ளர் குடுங்களேன், முட்டிவலிக்கு."

அக்கா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அதுல மீன் பேண்டு வெச்சிருக்கு, குடிச்சா பேதியாகும். அந்த வாயில்லாப் பூச்சி குளிர்ல மயங்குச்சு. நீங்க பட்டப்பகல்ல, சுடுற வெயில்ல நின்னுக்கிட்டே மயங்குறீங்களே! உங்க தலைக்கு நான் எந்த ஹீட்டரை மாட்டுறது?"